முதுகைக் கேட்கும் இடது கை

மல்சுன் சித்தியின் புது இடது கை மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால், நிலாவைக் குப்புறப் படுக்கவைத்து அழுக்குத் தேய்த்து, பளபளவென்று திருப்பி மாட்டியிருக்கும். பூசானில் அதற்கு ஈடான கை கிடையாது. கொரியா முழுக்கத் தேடினாலும் கிடையாது. சீனாவில் விசாரிக்கவில்லை.

அவள் என் சொந்தச் சித்தி இல்லை. எங்கள் தெரு வெந்நீர்க் குளியல் கூடத்தில், பெண்கள் பக்கம், இருபத்தாறு வருஷம் முதுகு தேய்த்தவள். பச்சைச் சொரசொரப்புத் துணியை வலது கையில் மாட்டித் தேய்ப்பாள். இடது கை சும்மா முதுகின்மேல் கிடக்கும். சும்மா என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன வருஷம் துண்டு பிழியும் இயந்திரம் அந்தக் கையைத் தின்ற பிறகு ஒற்றைக் கையால் தேய்த்துப் பார்த்தாள். மூன்று பேர் வெந்த இறால் மாதிரி சிவந்து எழுந்து போனார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது இடது கைதான். முதலாளியம்மா ஷிம், சித்தி ஆட்களைப் படுக்கவைத்துத் தேய்க்கும் மேடைமேல் வாளிகளை அடுக்கிவிட்டாள்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்து ஆட்கள், மின்தோல் போர்த்திய கை ஒன்றை மாட்டிப் பார்க்க ஆள் தேடினார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டிருந்த எனக்கு நேரம் நிறைய இருந்தது. சித்திக்குத் துணையாகப் போனேன். வெங்காயச் சருகு மாதிரித் தோல். விரல் நுனியில் ஏதாவது பட்டால், சித்தியின் தோளில் எறும்பு ஊருமாம். லேசாகத் தொட்டால் ஓர் எறும்பு, அழுத்தினால் ஒரு கூட்டம். கண்ணை மூடிக்கொண்டு எறும்புகளையே கவனித்துக்கொண்டிருப்பாள். மூடுபனிக்குள் யாரோ தூரத்தில் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்பாள்.

ஒருநாள், அவள் தொட்டுச் சொல்ல வேண்டிய பஞ்சை எடுத்துவிட்டு, சந்தையில் வாங்கிய உயிருள்ள குட்டி ஆக்டோபஸை வைத்தேன். திரையில் கோடுகள் துள்ளின. ஆய்வாளர் தோக்யூ நாற்காலியோடு பின்னால் போனார்.

"எ... என்னம்மா தெரியுது?"

"இது அந்தக் குரங்கோட வேலை," என்றாள் சித்தி, கண்ணைத் திறக்காமல். "தொட்டுத் திங்க நல்லெண்ணெய் இருக்கா தம்பி?"

ஏழு மாதம் கழித்து, சித்தி புதுக் கையோடு தேய்த்துக் காட்ட முதலாளியம்மா சம்மதித்தாள்.

"ஒரே ஒரு முதுகு. சிவந்துச்சுன்னா துண்டு மடிக்க வா. அப்புறம் மேடைப் பேச்சே எடுக்கக் கூடாது."

படுக்க யாரும் முன்வரவில்லை. நான் படுத்தேன். எப்படித் தேய்த்தாலும் சுகம் என்று சொல்லிவிடுவது என் திட்டம்.

ஆவியில் கூரையே காணாமல் போயிருந்தது. பெண்கள் மேகங்களாக நடந்தார்கள். எங்கோ ஊற்றிய தண்ணீர் வேறெங்கோ விழுந்தது. புதுக் கை என் முதுகில் வந்து, இடம் பார்த்து உட்காரும் பூனை மாதிரி அமர்ந்தது. பிறகு துணி இறங்கியது. தோள்பட்டைக்குக் கீழே தீப்பற்றிக்கொண்டது. பல்லைக் கடித்தேன்.

"எப்படிடி இருக்கு?" முதலாளியம்மாவின் குரல்.

"சொர்க்கம்."

துணி நின்றது.

"புளுகுறா," என்றாள் சித்தி. "இந்த எடம் கல்லு மாதிரி இறுகிப்போச்சு. எறும்பெல்லாம் ஓடிவந்து சொல்லுது."

அழுத்தம் குறைந்தது. இடது கை முன்னே போய் விசாரித்தது. துணி பின்னாலேயே வந்தது. எலும்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று வெந்நீரில் மிதந்து போயின. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

முதலாளியம்மா குனிந்து என் முதுகை வெகுநேரம் பார்த்தாள். விரலால் ஒருமுறை தடவியும் பார்த்தாள்.

"காலைல அஞ்சு மணிக்கு வந்துரு. வாளியெல்லாம் நீயே எடுத்து வச்சுக்க," என்று சொல்லிவிட்டு ஆவிக்குள் போனாள்.

சித்தி என் இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டினாள். திரும்பிப் படு என்று அர்த்தம். நான் திரும்பவில்லை.

"மூஞ்சியத் தொடச்சுட்டுத் திரும்பு."

"தண்ணி தெறிச்சிருச்சு சித்தி."

"தண்ணி தெறிச்சா முதுகு குலுங்காதுடி," என்றாள், இடது கையை எடுக்காமல்.