ஆபீஸ் வாசலில் ஒரு மீன் சந்தை

இன்று ஒரு சான்றிதழ் வாங்க, கூடுவாஞ்சேரிப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் மீன்கார அக்காக்கள் தள்ளுவண்டிகளோடு வரிசையாக நின்றார்கள்.

"என்னக்கா, கடையை இங்க மாத்திட்டீங்களா?"

"கவர்மெண்ட்ல ஐஸ் பெட்டி குடுக்குறாங்க சார். ஆபீசர் கடையாண்ட வந்து போட்டோ எடுத்தாதான் கெடைக்கும். இன்னிக்கு கடைசி நாளு."

"அவர் வரலையா?"

"இத்தினி ஊருக்கும் அவரு ஒருத்தர்தான். ஜீப்பும் ரிப்பேர்ல கீது. அதான், கடையையே தள்ளிகினு வந்துட்டோம்."

ஆபீசர் வெளியே வந்து ஒவ்வொரு வண்டியையும் படம் எடுத்தார். எடுத்த இடத்தைக் கைப்பேசி தானாகவே குறித்துக்கொண்டது. எல்லோருக்கும் பெட்டி உறுதி.

போகும்போது அவர் அரைக் கிலோ சங்கரா வாங்கினார். பின்னாலேயே மொத்த அலுவலகமும் பையோடு வந்தது.

"தெனமும் இங்கியே கடை போடலாம் போல கீதே!" என்றார் அக்கா.

பொருளாதாரக் கொள்கை பற்றித் தடித்த புத்தகங்கள் சில படித்திருக்கிறேன். எதிலும் ஜீப் பற்றி ஒரு வரி இல்லை.

அரசின் கணக்குப்படி இந்த வட்டாரத்து மீன் சந்தை இனி அந்த வாசல்தான். விரைவில் அங்கே கூரை போட நிதி ஒதுக்குவார்கள்.

உங்கள் ஊர்ச் சந்தையை அரசு எங்கே வைத்திருக்கிறது?