தையல்காரியின் சக்களத்தி

இடக்கைத் தையல்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கத்திரி பிடித்த கை எவ்வளவு சுத்தமோ, நாக்கு அவ்வளவு கூர்மை. "எனக்கொரு சக்களத்தி இருக்கா. ஏழாம் நம்பர் மேசை!" என்று துணி கொடுக்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். உள்ளே வயிறு எரிந்துகொண்டிருக்கும்.

புருஷன் நகரின் நடுவே, ஓர் உயரமான கட்டடத்தின் மேல்மாடி உணவகத்தில் பரிமாறுகிறவர். அவருடைய கறுப்புக் கோட்டைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு சின்ன நோட்டு அகப்பட்டது. வாடிக்கையாக வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம். ஏழாம் மேசை அம்மாளுக்கு மட்டும் இரண்டு. எலுமிச்சையில் விதை இருக்கக்கூடாது, முதுகில் ஏசிக் காற்று படக்கூடாது, மகனைப் பற்றி விசாரிக்கக்கூடாது.

கடைசித் தாள்வரை புரட்டினாள். தனக்கு ஒரு வரி இல்லை. பதினெட்டு வருஷமாக வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கிற மனுஷன், அங்கே போய் எவளுக்கோ விதை பொறுக்குகிறார்!

வருஷத்துக்கு ஒருநாள் மதியம் ஊழியர் குடும்பங்களுக்கு அங்கே சாப்பாடு உண்டு. எப்போதும் தையல் வேலையைச் சாக்குச் சொல்கிறவள் இந்தத் தடவை கிளம்பிவிட்டாள். "எனக்கு என்ன பிடிக்கும்னு தெரியுதா, பார்த்துடுறேன்" என்று கறுவிக்கொண்டே போனாள்.

ஏழாம் மேசை ஜன்னலோரம் காலியாகக் கிடந்தது. அவளை மூன்றாம் மேசையில் உட்காரவைத்து, புருஷனே மடியில் வெள்ளைத் துணியை விரித்தார். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. சூப் வந்தது, அவளைத் தும்ம வைக்கும் மிளகு அதில் இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மற்ற மேசைகளில் வலப்பக்கம் இருந்த கரண்டி அவளுக்கு மட்டும் இடப்பக்கம் இருந்தது.

கரண்டியை இடக்கையில் எடுத்தாள். "நோட்டுல எனக்கு ஒரு வரிகூட இல்லையே?"

"மறந்துபோறதைத்தானே எழுதி வைப்பாங்க. உன்னை எதுக்கு எழுதணும்?"

ஒரு நிமிஷம் குளிர்ந்துதான் போனாள். பிறகு கேட்டாள். "அப்போ வீட்டுலயும் இப்படி எடுத்து வைக்கலாமில்ல?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "வீட்டுல எடுத்து வைக்கிறது நீதானே?" என்றார். அடுத்த மேசையில் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

எதிர்த் தூணில் பதித்த கண்ணாடியில், மடியில் வெள்ளைத் துணியோடு அவளே உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஏழாம் நம்பர் எந்த மூலைக்கு? கொடுத்துவைத்தவள் இவளல்லவா!