கோயில் மணியும் பிரேக் பெடலும்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டை ஒட்டியே அம்மன் கோயில். ஒரு ஞாயிறு மாலை, எங்கள் பழைய காருக்கு நானே பிரேக் எண்ணெய் மாற்றினேன். மனைவி உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிப்பாள். நான் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி மூடுவேன். மூடும்வரை அவள் காலை எடுக்கக் கூடாது; எடுத்தால் குழாய்க்குள் காற்று புகுந்து பிரேக் பிடிக்காது.

கடைசிச் சக்கரமும் முடிந்தது. வழக்கம்போல் மனைவி டயர்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, சூடத் தட்டோடு காருக்கு எதிரில் நின்றாள். பழம் நசுங்க மெல்ல ஓட்டி, பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சுபோல் அடிவரை போய்விட்டது. கார் நிற்கவில்லை!

"நவுரு! நவுரு!" என்று கத்திக்கொண்டே ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். அவள் சேலையில் உரசிக்கொண்டு கார் நின்றது.

"நான் சொல்றதுக்கு முந்தி கால எடுத்தியா?"

"கோயில் மணி அடிச்சிச்சு லா. வண்டில உக்காந்துக்கிட்டா கும்பிடுவாங்க? எறங்கிக் கும்பிட்டுட்டு வந்து மறுபடியும் மிதிச்சேனே!"

அந்த நேரத்தில்தான் காற்று உள்ளே போயிருக்கிறது.

"ஆத்தாதான் காப்பாத்துனா," என்றாள்.

"ஆமா," என்றேன். பூசை முடிந்து மணி ஓயும்வரை காத்திருந்து, மறுபடி காருக்கடியில் படுத்தேன்.