மெஷினில் கொள்ளாத கண்மாய்கள்

பேய், பிசாசு, செய்வினை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் ஊரான சிக்கலில் முனி நடமாடுவதாகச் சொல்லும் பனங்காட்டுக்குள் உச்சிவெயிலில் துண்டை விரித்துத் தூங்கியிருக்கிறேன். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும், என் கூடப்பிறந்த தம்பியே அப்படித்தான் பார்த்தான். பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆக வேண்டிய நஷ்டமெல்லாம் அப்போதே ஆகிவிட்டது.

அறுபதுகளின் நடுவில் சென்னையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். இன்றைக்கு மடியில் வைத்துக்கொள்கிறீர்களே, அது மாதிரி இல்லை. அறை முழுக்க அலமாரி அலமாரியாக நிற்கும், அதற்கு ஏ.சி. உண்டு, எங்களுக்குக் கிடையாது. அட்டைகளில் ஓட்டை போட்டு அடுக்கிக் கொடுத்தால், நாம் எழுதியதை அது தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ளும், அதற்குப் பெயர் கம்பைல். அத்தனை பெரிய உடம்புக்கு ஞாபகசக்தி மட்டும் சுண்டைக்காய் அளவு. எழுதியது கொஞ்சம் நீண்டுவிட்டால் பாதியிலேயே நின்று, இடம் போதவில்லை என்று இங்கிலீஷில் டைப் அடித்துவிடும்.

எனக்குக் கொடுத்த வேலை எங்கள் ராமநாதபுரம் ஜில்லாக் கண்மாய்கள். ஒரு கண்மாய் நிரம்பி அடுத்ததற்குப் போகும், அது நிரம்பி அதற்கடுத்தது, கடைசியில் கடல். பெருமழை பெய்தால் எந்தக் கரை முதலில் உடையும் என்று கணக்குப் போட வேண்டும், ஒன்றை விட்டால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தப்பாகிவிடும் என்பதால் எதையும் விட முடியாது. சுருக்கிப் பார்த்தேன், இரண்டாக வெட்டிப் பார்த்தேன், சாப்பாட்டை மறந்து அதையே கட்டிக்கொண்டு கிடந்தேன். ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும், புரட்டாசி பிறந்துவிட்டது, ஒவ்வொரு தடவையும் அதே பதில், இடம் போதவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், எக்கேடோ கெடட்டும் என்று, ஒன்றையும் வெட்டாமல் மொத்த அட்டைக்கட்டையும் அப்படியே மெஷினில் போட்டேன். நம்பினால் நம்புங்கள், முழுசாக எடுத்துக்கொண்டது. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் இஞ்சினியர் ஓடிவந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"இது எப்படி சார் உள்ள போச்சு? இதுக்கு இடமே இல்லையே" என்றார்.

எங்கே போய் உட்கார்ந்தால் என்ன என்று நாங்கள் டீ வாங்கிக் கொண்டாடினோம்.

மறுநாள் தந்தி வந்தது. பஞ்சவர்ணத்துக்கு உடம்பு சரியில்லை, உடனே வா. பஞ்சவர்ணம் என் மனைவி. கல்யாணமாகி மூன்று வருஷம், நான் சென்னையில் வீடு பிடிக்கும்வரை சிக்கலில் என் அய்யாவோடு இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் நான் ஊருக்குப் போனால், நான் இல்லாத மாதங்களில் நடந்ததையெல்லாம், எந்த ஆடு என்ன குட்டி போட்டது என்பது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்வாள். அதைக் கேட்பதற்காகவே நான் ஊருக்குப் போவேன்.

ராமேஸ்வரம் ரயிலில் ஏறி, ராமநாதபுரத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். அய்யா வாசலிலேயே நின்றார்.

"ஏலே, செவ்வாக்கெழம மத்தியானம் ஊருணியில தண்ணி மோந்துக்கிட்டு வந்த புள்ள, கொடத்தை எறக்கி வச்சிட்டு அங்கனயே உக்காந்துருச்சுடா. அதுலருந்து நம்பரா சொல்லுது. எங்க யாரையும் தெரியலைங்குது."

உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு, "இவுக யாரு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடி எண்களைச் சொல்ல ஆரம்பித்தாள். டாக்டர் ஊசி போட்டார், கோடாங்கி வந்து உடுக்கை அடித்தார், அவர் அடிக்க அடிக்க இவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கரை உயரம், மடை மட்டம், கொள்ளளவு, எல்லாம் என் கண்மாய்கள், நான் அட்டையில் அடித்த அதே வரிசை. தற்செயல் என்பீர்கள். கடலாடிப் பக்கம் ஒரு கண்மாய்க்கு அளவே கிடைக்காமல் நானாக ஓர் எண்ணைப் போட்டு வைத்திருந்தேன், அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த எண்ணையும் சொன்னாள். மெஷினில் கொள்ளாதது எங்கே போய் உட்கார்ந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த ரயிலில் திரும்பினேன். துறைத்தலைவரிடம் சொன்னேன். "ஓடுற புரோகிராமைக் கலைக்கணுமா? போய் நல்லா தூங்கி எழுந்து வாங்க சார்" என்றார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் மெஷினின் ஞாபகத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அட்டைக்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேலை போனது, போகட்டும். நேரே ராமேஸ்வரம் போய், திதி கொடுத்தவர்கள் கட்டிய துணியை விட்டுவிட்டுப் போகும் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அட்டைகளைக் கைப்பிடி கைப்பிடியாக விட்டேன். கும்பிடாதவன் கும்பிட்டேன். அவளைக் கொடுத்துவிடு என்று வாய்விட்டுக் கேட்டேன். பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்த வடநாட்டுக்காரர் ஒருவர், இறந்தது யார் என்று சைகையில் கேட்டார். யாருமில்லை என்று தலையாட்டினேன்.

சிக்கலில் வீடு அமைதியாக இருந்தது. "நேத்து மத்தியானத்துலருந்து நம்பர் சொல்றதை நிப்பாட்டிருச்சுடா" என்றார் அய்யா, முகமெல்லாம் சந்தோஷம். நேற்று மத்தியானம் என்பது நான் மெஷினைத் துடைத்த நேரம். பஞ்சவர்ணம் ஒரு செம்புத் தண்ணீரோடு வெளியே வந்தாள். "பஞ்சவர்ணம், நான்தான் வந்திருக்கேன்" என்றேன். வீட்டுக்கு வந்த அசலூர்க்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்தக் கண்ணில் எண்களும் இல்லை, நானும் இல்லை.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றின்மேல் இன்னொன்றை எழுதினால் பழையது போய்விடும், புதியதைத் துடைத்தாலும் பழையது வராது. இதைக் கரும்பலகையில் எழுதிப் பையன்களுக்குப் பாடம் நடத்தியவன் நான்.

அதற்குப் பிறகும் ரொம்ப காலம் என்னோடு இருந்தாள். சொல்லிக்கொடுத்தால் சோறு பொங்குவாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாள், அவ்வளவுதான். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் அன்றைக்குச் செம்பைக் கொடுத்தபோது அவள் கேட்டது இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை. மெஷினைப் பற்றியோ அதன் ஞாபகத்தைப் பற்றியோ ஆயுளில் நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். வந்தவரைக் காக்கவைக்கக் கூடாதே என்கிற மரியாதையோடு கேட்டாள்:

"இன்னும் ஏதும் வைக்கணுமா? இங்கன எடம் நெறையக் கெடக்கு."