ஐயா பேசிய போன்

கண்ணுகளா, இதைப் போனில் சொல்லிப் பார்த்தேன், வாயில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பெரியவளே, நீ கேட்டாய். பேரனைப் பள்ளியில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் வேண்டுமாம். அன்றைக்கு உன் நர்சிங் படிப்புக்கு ஐயா ஒரு போன் போட்டு வாங்கிக் கொடுத்த மாதிரி இப்போது பேச யார் இருக்கிறார்கள் என்றாய். "பாக்கலாம் சாமி" என்று வைத்துவிட்டேன். உங்கள் அம்மாவும் பேரனைப் பார்த்துக்கொள்ள அங்கேயே இருக்கிறாள். ஐயாவின் இந்தப் பெரிய பங்களாவில் நான் ஒருத்தன். யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேலாக நீயும் தம்பியும் நம்பிக்கொண்டிருப்பது உண்மை இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீங்கள் ஐயாவைப் பங்களா கேட்டுக்கு வெளியே நின்று பார்த்ததுதான். சேலத்துப் பக்கம் ஒரு கடலை வியாபாரி மகன் அவர். முதலில் யூனியன் சேர்மன், பிறகு இரண்டு தடவை எம்.எல்.ஏ., கொஞ்ச காலம் மந்திரி. அப்புறம் ஒரு தேர்தலில் தோற்றுப்போனார். தோற்ற பிறகு கட்சியில் மேடை ஓரத்தில் நாற்காலி போட்டார்கள். கடைசியில் தூரத்தில் ஒரு மாநிலத்துக்குக் கவர்னராக அனுப்பினார்கள். அதுவும் மரியாதைதான், ஊரை விட்டு அனுப்புகிற மரியாதை என்று சொல்லிச் சிரிப்பார்.

எம்.எல்.ஏ.வாக இருந்தபோது விடியற்காலையிலேயே வாசலில் ஆள் நிற்குமாம். ஒருத்தருக்குப் பாதை, ஒருத்தருக்கு பஸ், ஒருத்தருக்கு மருமகனைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர வேண்டும். பல் தேய்க்கக்கூட விடமாட்டார்கள் என்று அலுத்துக்கொள்வார். கவர்னரான பிறகு பெரிய மாளிகை. பாஷை தெரியாத ஊர். அவர் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், அவர் போகும் வரை உட்கார மாட்டார்கள். வந்த காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். "அத்தன வருஷத்துல ஒருத்தரும் எங்கிட்ட வந்து இது வேணும்னு கேக்கலப்பா" என்று ஒரு தடவை சொன்னார். அங்கேயே அவர் சம்சாரமும் தவறிவிட்டார்கள்.

பதவி முடிந்து இந்த ஏற்காட்டு பங்களாவுக்கு வந்தார். நானும் அப்போதுதான் செம்மநத்தத்திலிருந்து இங்கே காவலுக்கும் காப்பிச் செடி பார்க்கவும் சேர்ந்தேன். முதல் வருடம் கார்கள் வந்தன. பிறகு பொங்கலுக்கு மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. ஆனாலும் காலை எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னறையில் உட்காருவார். கேட்டைத் திறந்து வை என்பார். திறந்து வைப்பேன். பனிமூட்டம்தான் உள்ளே வரும். பத்து மணிக்குச் சாத்தச் சொல்வார்.

உன் சான்றிதழ் விண்ணப்பம் அந்த வருடம் கீழே சேலத்தில் ஒரு அலுவலகத்தில் விசாரணை என்று நின்றுகொண்டிருந்தது. மாதக் கடைசிக்குள் சான்றிதழைக் கல்லூரியில் கொடுக்காவிட்டால் உன் இடம் போய்விடும். உங்கள் அம்மா என்னைச் சும்மா விடவில்லை. "கவர்னரு ஊட்ல வேலைன்னு பேரு. ஒரு காயிதத்துக்கு வழியில்ல. அவரு என்ன பொம்மையா?" என்றாள்.

எனக்குக் கேட்கக் கூச்சம். மறுநாள் பத்து மணிக்கு, சாத்தச் சொல்லும் முன்னே, திறந்த கேட்டு வழியாக வெளியே போய், வெளியாள் மாதிரி திரும்பி உள்ளே வந்து நின்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"ஏனுங்க ஐயா, ஒரு காரியம் கேக்கோணுங்க" என்றேன்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் விவரம் சொல்லி முடிக்கும் முன்னே எழுந்துவிட்டார். உள்ளே போய், போட்டிருந்த நல்ல சட்டையைக் கழற்றிவிட்டு அதைவிட நல்ல சட்டையும் துண்டும் போட்டுக்கொண்டு வந்தார். போன் பேசத்தான். அலுவலக நம்பரை நான் சொல்ல, அவரே அழுத்தினார். அவருக்குக் காது மந்தம் என்பதால் அந்த போனில் சத்தம் அதிகமாக வைத்திருக்கும். பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

இவர் தன் பெயரைச் சொன்னார். முன்னாள் கவர்னர் என்றார். முன்னாள் மந்திரி என்றார். அந்தப் பக்கம் ஒரு சின்ன வயசு ஆளின் குரல்.

"எந்த கவர்னருங்க? இங்க நொம்ப கூட்டமா இருக்குதுங்க. நேர்ல வரச் சொல்லுங்க." அந்தப் பக்கம் வைத்துவிட்டார். அந்த ஆளைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோதே ஐயா மந்திரி இல்லை.

போனில் டுர்ரென்ற சத்தம் எனக்குக் கேட்கிறது. ஐயா வைக்கவில்லை. "சரி, சரி. நம்ம ஆளு பொண்ணுதான். பாத்துச் செய்யுங்க. சந்தோஷம்" என்று அந்தச் சத்தத்தோடு பேசினார். பிறகுதான் வைத்தார். என்னைப் பார்க்காமல், "சொல்லிட்டேன். ஆயிரும்" என்றார்.

நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் ஓடி வந்து, ஐயா பேசினாரா என்று கேட்டீர்கள். பேசினார் என்றேன். அது பொய் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியாது. சேலத்தில் உரமூட்டை வாங்கப் போகிறேன் என்று சொல்லி மூன்று நாளும் முதல் பஸ்ஸில் மலை இறங்கினேன். வரிசையில் நின்றேன். மூன்றாம் நாள் ஒரு அம்மா என் பழைய பட்டாவையும் என் அப்பாவின் பள்ளிச் சான்றையும் வாங்கிப் பார்த்து, இதை முதலிலேயே சேர்த்திருந்தால் அப்போதே முடிந்திருக்குமே என்றார்கள். இவ்வளவுதான் குறை. அடுத்த வாரம் சான்றிதழ் வந்துவிட்டது. மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு நேரே ஐயாவிடம் போனேன். "நீங்க பேசினதாலதானுங்க ஆச்சு" என்றேன். அவருக்கு உண்மை தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா, அதுதான் தெரியாது. சான்றிதழை வாங்கிப் பார்த்தார்.

"கேட்டுட்டாங்களா" என்றார்.

"கேட்டுட்டாங்க ஐயா."

ஒரு ஜெராக்ஸ் எடுத்து வா என்றார். அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில், பெரிய பெரிய தலைவர்களோடு அவர் நின்ற போட்டோக்களுக்கு நடுவில் வைத்தார். அதற்கப்புறமும் தினம் கேட்டைத் திறந்து வைத்தேன். வேறு யாரும் எதுவும் கேட்டு வரவில்லை. நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. அந்த போன் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க எனக்குத்தான் தைரியம் இல்லை.

போன மழைக்காலத்தில் அவர் போனது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து மகன் வந்து காரியம் முடித்து, போட்டோக்களை எடுத்துக்கொண்டு போனார். பங்களா கைமாறிவிட்டது. அடுத்த வாரம் புது ஆட்கள் வருகிறார்கள்.

பெரியவளே, யாரையும் தேடாதே. உன் சான்றிதழையும் மாப்பிள்ளையுடையதையும் சேர்த்துக் கொடு. வரிசையில் நில். போதும்.

நேற்று முன்னறையைக் கூட்டினேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த ஜெராக்ஸ் மட்டும் இருந்தது. இந்த மலை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது, அதனால்தான் மகன் விட்டுவிட்டார் போலிருக்கிறது. ஈரத்துணியை ஒற்றி ஒற்றி மெதுவாக உரித்தேன். காகிதம் வந்துவிட்டது. உன் பெயர் மட்டும் கண்ணாடியின் அடிப்பக்கத்திலேயே பதிந்து நின்றது. துணியைக் கொண்டுபோனேன். துடைக்கவில்லை. கண்ணாடியை இருந்தபடியே மேசைமேல் வைத்தேன். மணி எட்டு இருக்கும். வெளியே போய்க் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, பத்து மணிக்குச் சாத்தினேன்.