ஒன்னு எனக்கு, ஒன்னு ஊட்டுக்காரிக்கு

எங்கள் உழவர் கம்பெனியின் பொதுக்குழுவில் ஆடிட்டருக்குப் போட வேண்டிய பொன்னாடையை ஜீப் டிரைவர் மரியஅந்தோணிக்குப் போட்டார்கள். தலைவர் அங்கப்பன்தான் போட்டார். முன்னாடி குடோனில் சரக்கு எண்ண வந்த பெண்ணை வெறும் உதவியாள் என்று நினைத்து, பெரிய ஆடிட்டர் பொதுக்குழுவுக்கு நேரில் வருவார் என்று காத்திருந்தார் மனிதர். ஜீப்பிலிருந்து வெள்ளைச் சட்டையோடு ஓர் ஆண் இறங்கினால் போதாதா?

"ஐயோ, நான் டிரைவருங்க! ஆடிட்டரு இவங்க!" என்று மரியஅந்தோணி பதறினார்.

ஆஸ்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். "போட்டது போட்டாச்சு, வெச்சுக்குங்கண்ணா. குளுருக்கு ஆவும்."

அவள் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் புஷ்பலதா. மாரமங்கலத்தில் காப்பியும் மிளகும் போட்டிருக்கிறேன். கம்பெனியில் ஒரே பெண் டைரக்டர். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று எங்கேயோ கேட்டார்களாம், என்னைப் பிடித்துப் போட்டார்கள். கூட்டத்தில் வாய் திறந்தால், "அக்கா, காப்பி வந்துருச்சா பாருங்க" என்பார்கள். அதனால் ஆஸ்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

ஏற்காடு டவுனில் மிளகும் தேனும் விற்கிறாரே ரஹமத்துல்லா பாய், அவருடைய மகள். சி.ஏ. படித்து முடித்து சேலத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தாள். அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். வெளியூர் ஆடிட்டுக்குப் போனவர்களைத்தான் பார்ட்னர் ஆக்குவார்கள். பெண்களை வெளியூர் ஆடிட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். எப்படி இருக்கிறது நியாயம்! கேட்டால், "உன் நல்லதுக்குத்தாம்மா" என்பார்களாம். இவள் வேலை கற்றுக்கொடுத்த பையன்கள் எல்லாம் பார்ட்னர் ஆனார்கள். மகள் ஆஃப்ரின் பிறந்து இவள் திரும்பிப் போனபோது, அவளுடைய மேஜைகூட மூலைக்குப் போயிருந்தது.

போதும் சாமி என்று மலையேறி வந்துவிட்டாள். அப்பா கடைக்கு மேலே ஓர் அறை, வாசலில் தன் பெயரில் ஒரு போர்டு. வந்தவர்கள் எல்லாரும் கீழேயே நின்று, "ஏனுங்க பாய், ஆடிட்டர் சாரு எப்ப வருவாருங்க?" என்று கேட்டார்கள். பாயும் சளைக்காமல், "சாரு இல்லீங்க, எம்பொண்ணு. மேல போங்க" என்பார். பாதிப் பேர் மேலே போகாமலே திரும்பினார்கள்.

எங்கள் பழைய ஆடிட்டர் பாதியில் விட்டுப்போனதால், பொதுக்குழு வரைக்கும் மட்டும் என்று, தலைவர் பெயரைக்கூடப் படிக்காமல் போட்ட கையெழுத்தில், இவளிடம் வேலை வந்தது. அவளுக்குக் கிடைத்த ஒரே கம்பெனி அது. அடுத்த ஐந்து வருடத்துக்கும் இவளே என்று பொதுக்குழு சொன்னால் போர்டு நிற்கும். இல்லையென்றால் திங்கட்கிழமை சேலத்து மூலை மேஜைக்குத் திரும்ப வேண்டும். சேலத்து ஆபீஸில் அதுவரைக்கும்தான் தவணை கொடுத்திருந்தார்கள். இது எனக்கும் தெரியும், அவளை ஜீப்பில் கூட்டி வந்த மரியஅந்தோணிக்கும் தெரியும்.

குடோனில் கூட்டம் தொடங்கியது. கணக்கை ஏற்கிறவர்கள் கை தூக்கலாம் என்றதும் ஆண்கள் அத்தனை பேரும் இரண்டு கையையும் தூக்கினார்கள்.

ஆஸ்மா விழித்தாள். "ஏனுங்க, எதுக்குங்க ரெண்டு கை?"

"ஒன்னு எனக்கு, ஒன்னு ஊட்டுக்காரிக்கு," என்றார் அங்கப்பன், பெருமையாக. "எப்பவும் இப்படித்தாங்க."

"பங்கு யாரு பேருல இருக்குதோ அவங்க கைதானுங்க செல்லும். பின்னாடிதான சமைக்கறாங்க? கூப்புடுங்க."

தனக்கு ஓட்டு விழுமா விழாதா என்று தெரியாத நேரத்தில், தலைவரை எதிர்த்து இதைச் சொல்ல என்ன துணிச்சல் வேண்டும்! நான் சும்மா இருப்பேனா? பின்பக்கம் ஓடினேன். "போட்டது போட்டபடி வாங்கடி எல்லாரும்!"

கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். கணக்கு நிறைவேறியது. அடுத்தது ஆடிட்டர் நியமனம். ஆஸ்மா எழுந்தாள். "என்னையப் பத்திப் பேசறப்ப நான் இருக்கறது முறையில்லீங்க." நிமிர்ந்துதான் வெளியே போனாள். பையை மட்டும் மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அங்கப்பன் தொண்டையைச் செருமினார். "பொண்ணு நொம்ப நல்லாத்தான் செஞ்சிருக்குது. ஆனா கைக்கொழந்தைக்காரி. மழையில மலை ரோடு. பேங்குல நாலு பேருகிட்ட பேசணும். சேலத்துல ஒரு சாரு இருக்காரு, அவரையே போட்டுறலாங்க."

"ஏனுங்க தலைவரே," என்றேன், "அந்த சாருக்குக் கொழந்தை இல்லீங்களா? இந்தப் பொண்ணு மூட்டை மேல ஏறி, அடி மூட்டை வரைக்கும் இழுத்துப் போட்டுப் பாத்துச்சு. பழைய ஆடிட்டரு குடோன் வாசப்படியாச்சும் மிதிச்சாருங்களா? காருக்குள்ளயே காப்பியக் குடிச்சுட்டுப் போனாரு!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அங்கப்பன் கோபமாக, "சேலத்து சாருக்குக் கை தூக்குங்க!" என்று பழக்கத்தில் தன் இரண்டு கையையும் தூக்கினார்.

அவர் மனைவி ராசாத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் கரண்டி இருந்தது.

"அந்தக் கைய எறக்குங்க. அது என்னுது."

அங்கப்பன் எந்தக் கையை இறக்குவது என்று தெரியாமல் இரண்டையும் இறக்கிவிட்டார். ஆஸ்மாவுக்கு யார் என்று நான் கேட்டபோது முதலில் எழுந்தது ராசாத்தியின் கைதான், கரண்டியோடு. அப்புறம் மஞ்சள் கறை படிந்த கைகளாக எழுந்துகொண்டே இருந்தன. சில ஆண்களும் தூக்கினார்கள், ஒரு கையை மட்டும். எண்ணிப் பார்க்கும் அவசியமே இல்லாமல் போயிற்று.

வெளியே போனேன். போனில் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் அவள் நின்றிருந்தாள். "ஆச்சு கண்ணு" என்றேன். என் தோளில் முகத்தைப் புதைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சேலத்துக்குப் போன் போட்டாள்.

"சார், திங்கக்கெழம நான் வரலீங்க. எனக்கு இங்க ஆபீஸ் இருக்குதுங்க."

பந்தியில் முதல் இலை அவளுக்கு. பொன்னாடையோடு மரியஅந்தோணி பக்கத்தில் உட்கார்ந்தார். சாம்பார் அடிப்பிடித்துக் கருகிப்போயிருந்தது. ஆண்கள் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. அங்கப்பன் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.