சந்திரப்பாவின் இயர்போன்

போன வாரம் ஓசூரில் புதுப் போன் வாங்கப் போயிருந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தும் இயர்போன் செருகுகிற ஓட்டையைக் காணோம். "எஃப்எம் வருமாம்மா?" என்றேன். "அதெல்லாம் இப்ப யாரு சார் கேக்கறாங்க?" என்று கடைப் பெண் சிரித்தாள். என் வயது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அந்த ஓட்டையில்தான் ஒரு காலத்தில் என் வேலையே தொங்கிக்கொண்டிருந்தது என்று அவளுக்கு எங்கே தெரியும்?

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், போனுக்குள் ரேடியோ இருந்த காலத்தில் இயர்போன் ஒயர்தான் ஆண்டெனா. ஒயர் இல்லாவிட்டால் போன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். காவேரிப்பட்டினத்திலிருந்து வந்து, சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெயினியாக இருந்தேன். என்னிடம் போன் இருந்தது. ஒயரை ரூமில் எலி தின்றுவிட்டது. எங்கள் ஃபோர்மேன் சந்திரப்பாவுக்குக் கர்நாடக எல்லை தாண்டி அத்திபெலேயில் வீடு. மகன் வாங்கிக் கொடுத்த உசத்தியான போனில் எஃப்எம் கிடையாது, கூட வந்த இயர்போன் மட்டும் பளபளவென்று இருந்தது. ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "போன் நிந்து, ஒயர் நந்து" என்றார், போன் உன்னது, ஒயர் என்னது என்று. கூட்டணி அமைந்தது.

வலது பக்கம் அவர் காதில், இடது பக்கம் என் காதில். தினமும் கன்னட ஸ்டேஷனில் ராசி பலன். முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, இடது பக்கம் செத்துக் கிடந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் என் கன்ஃபர்மேஷன் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். 'உங்கள் இயர்போன் சரியில்லை' என்று அவரிடம் எந்த மடையன் சொல்வான்?

"சென்னாகி கேளுசுதா?" என்பார்.

"சூப்பரா கேக்குது சார்!"

அவர் சிரித்தால் சிரிப்பேன், உச்சுக்கொட்டினால் உச்சுக்கொட்டுவேன். காதில் தக்கையைச் செருகிக்கொண்டு மூன்று மாதம் தலையாட்டினேன், பூம்பூம் மாடு தோற்றுவிடும். "பையன் ரேடியோ கேட்டே கன்னடம் கத்துக்கிட்டான்" என்று அவர் மெஷின் ஷாப் முழுக்கச் சொல்லி வேறு வைத்தார். இப்போதும் எங்காவது மெஷினுக்கு ஊற்றுகிற கூலண்ட் ஆயில் வாசனை அடித்தால், அவர் சட்டை ஞாபகம் வந்து என் இடது காது அடைத்துக்கொள்ளும்.

ஒரு சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள்.

"ரேடியோல நேயர் விருப்பத்துக்குப் பேசிட்டன்டா! நாளைக்குக் காலைல ஏழே காலுக்குப் போடறாங்களாம்."

"என்னம்மா பேசுன?"

"இப்பவே சொல்லிட்டா அதுல என்ன இருக்குது? கேளு!"

மாட்டைத் தவிர யாரையும் சத்தம் போட்டு அறியாதவள் என் அம்மா. அவள் ரேடியோவில்! ஏழே காலுக்கு நான் பஸ்ஸில் இருப்பேன். பஸ் இரைச்சலில் ஸ்பீக்கர் எடுபடாது, அவள் குரலைக் கேட்க வேண்டுமானால் வலது பக்கம் வேண்டும். வலது பக்கத்தைக் கேட்டால் இடது பக்கத்தின் கதை வெளியே வரும். கையெழுத்து அந்த வாரம்தான்.

காலையில் பாதி தைரியம்தான் வந்தது. "சார், இன்னிக்கு ஒரு நாள் தமிழ் ஸ்டேஷன் வெக்கட்டுமா? எங்கம்மா பேசறாங்க."

"அம்மாவா? ரேடியோதல்லா? வெய்யப்பா, வெய்யி!"

பாவம், ராசி பலனையே தியாகம் செய்தார் மனுஷன். சிக்னலுக்காக ஒயரை ஜன்னல் கம்பியில் சுற்றிவிட்டார். 'அந்தப் பக்கத்தை எனக்குக் குடுங்க சார்' என்பது என் நாக்கு நுனி வரை வந்தது, கன்ஃபர்மேஷன் பிடித்து உள்ளே இழுத்தது. ஏழே கால். அவர் முகம் மலர்ந்தது. பிறகு மெல்லச் சுருங்கியது. பழக்க தோஷம், நான் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனப்பா, இதுக்கு சிரிக்கறியா நீ?"

மாட்டிக்கொண்டேன். "சார்... இந்தப் பக்கம் கேக்காது."

"யாவாகிந்த?"

"மொத நாள்லேர்ந்து."

என்னையே பார்த்தார். பிறகு தன் காதிலிருந்ததை உருவி என் காதில் வைத்தார். அதில் ஒரு சாமிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பேசி முடித்திருந்தாள்.

"அம்மா என்ன சொன்னாங்க சார்?"

தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தார்: "'எம் பையன் ஓசூர் கம்பெனில இருக்கான். மேல ஒரு ஆளு, கல்நெஞ்சக்காரன், ஊர் பண்டிகைக்கு கூட லீவு கொடுக்கல்லா. எம் பையன் பயந்தாங்கொள்ளி, வாய் தெறந்து ஒண்ணும் கேக்க மாட்டான். அந்த ஆளு மனசு எளகட்டும், ஒரு சாமி பாட்டு போடுங்க.' அந்தப் பாட்டுதான் இப்போ ஓடுது."

ஜன்னல் கம்பியிலிருந்து ஒயரைப் பிரித்து எடுத்தார். மூன்று நாள் லீவு கொடுத்தார். கையெழுத்தை மட்டும் ஒரு மாதம் தள்ளித்தான் போட்டார். "அது தலை ஆட்டினதுக்கு" என்றார்.

சந்திரப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். பஸ்ஸில் இப்போது ஆளுக்கொரு ஒயரில்லாத காது. அந்த ஓட்டையில்லாத போனைத்தான் நானும் வாங்கி வந்தேன். அம்மா போய் ஆறு வருடமாகிறது. அவள் குரலை எதிலும் பிடித்து வைக்க எனக்குத் தோன்றவில்லை, முட்டாள். ஊருக்கே கேட்கும்படி அவள் பேசிய ஒரே தடவை, அது எனக்கு ஒரு சாண் தள்ளி வேறொருவர் காதில் விழுந்தது. 'எம் பையன் வாய் தெறந்து ஒண்ணும் கேக்க மாட்டான்' என்று அம்மா சொன்னது இப்போதும் எனக்குச் சந்திரப்பாவின் குரலில்தான் கேட்கிறது.